தொடாமல் எழுதிய செய்முறைகள்

கல்வனோமானியின் ஊசி அசையவில்லை.

கொழும்பில், உயரமான யன்னல்கள் வைத்த ஓர் ஆய்வுகூடம். எனக்கு முன்னால் நீளப் பலகையில் பதித்த மீற்றர்ப் பாலம், ஒரு மின்கலம், ஒரு தடைப்பெட்டி, நூல் சுற்றிய செப்புக் கம்பித் துண்டுகள். இவற்றை இணைத்து, தந்திருக்கும் சுருளின் தடையைக் கண்டுபிடிக்க வேண்டும். உயர்தரப் பௌதிகவியல் செய்முறைச் சோதனை. எழுத்துச் சோதனையில் நல்ல புள்ளி வாங்கித்தான் இங்கே அழைக்கப்பட்டிருந்தேன். இதிலும் சித்தியடைந்தால் பல்கலைக்கழகம், இல்லாவிட்டால் வீடு.

மீற்றர்ப் பாலத்தின் படத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன். கொள்கை, சமன்பாடு, வாசிப்பு அட்டவணை, முன்னவதானங்கள் ஐந்து, எல்லாம் தலைகீழ்ப் பாடம். படத்தில் இருந்தபடியே கம்பிகளை முனைகளில் சுற்றினேன். திருகிகளை இறுக்கினேன். சாவியைப் போட்டேன். பாலத்தின் இந்தப் பக்கம் தொட்டேன், நடுவில் தொட்டேன், அந்தப் பக்கம் தொட்டேன். மின்னோட்டம் போனால் ஆட வேண்டிய ஊசி நடுக்கோட்டில் செத்துப்போய்க் கிடந்தது.

அடுத்த மேசையில் ஒரு பெடியன் சவர அலகால் கம்பி நுனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பாவம், இவனுக்கு ஊத்தைக் கம்பி கிடைத்துவிட்டதுபோல என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என் கம்பிகள் நூல் குலையாமல் துப்புரவாக இருந்ததில் எனக்கு ஓர் ஆறுதல்கூட.

பரீட்சகர் ஒரு தரம் வந்து நின்றார். என் மேசையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த தாளில் எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டார். மணி அடித்தபோது என் அட்டவணையில் அடிமட்டம் வைத்துக் கீறிய கோடுகள் மட்டும் இருந்தன. வாசிப்பு ஒன்றுகூட இல்லை.

காரம் கூடிப்போச்சாம்

சென்ற வாரத்துப் பகுதியை வாசித்துவிட்டு ஓர் அன்பர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். "அம்மணி, உங்கள் நினைவுகளில் காரம் கூடிப்போகிறது. எங்கள் திருகோணமலையின் அழகையும் இரண்டு வரி எழுதலாமே" என்று. எழுதலாம்தான். உள்துறைமுகத்தில் காலை வேளையில் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும். மலைப்பக்கத்திலிருந்து மான்கள் இறங்கி வந்து சந்தை வாசலில் முட்டைக்கோவா இலை தின்னும். போதுமா ஐயா? இரண்டு வரி எழுதியாயிற்று. இனி நான் என் கதைக்கு வருகிறேன்.

வாழ்க்கையில் பாதியை ஆய்வுகூடங்களில் கழித்தவள் நான். என் கோபமும் அங்கேதான் தொடங்கியது. அதை எடுத்துவிட்டுக் கதை சொல்லச் சொன்னால் மிச்சம் இருப்பது வெறும் மேசையும் கதிரையும்தான்.

நாலு பாடம், ஒரு தாள்

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஒரு பெண் விஞ்ஞானம் படித்துப் பல்கலைக்கழகம் போவதென்றால், படிப்பதைவிடத் திட்டம் போடுவதுதான் பெரிய வேலை. இரசாயனம், தாவரவியல், விலங்கியல், பௌதிகம் என்று நாலு பாடம் வேண்டும். நாலில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்கமாட்டார்கள். எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றுக்குத்தான் ஆள் இருந்தது. பௌதிகத்துக்கு ஆளும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை.

உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கேட்டது நாங்கள் இரண்டே பேர். நானும் பரீதாவும். பரீதா கிண்ணியாவுக்கு அப்பால் குறிஞ்சாக்கேணிப் பிள்ளை. நகரத்தில் அவளுடைய மாமி வீட்டில் நின்று படித்தாள். அவளுடைய வாப்பா சனிக்கிழமை பின்னேரம் வந்து அழைத்துப் போவார், திங்கள் விடிய முதல் பாதையில் ஏற்றிக் கொண்டுவந்து விடுவார். பாதை என்றால் கிண்ணியாத் துறையில் பஸ்ஸையும் மனிதரையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. மழையோ காற்றோ, அந்த மனிதர் ஒரு கிழமை தவறவில்லை. எங்கள் தேவாலயப் பங்கில் அப்படிச் செய்த ஒரு தகப்பனை நான் காணவில்லை.

பரீதா டொக்டராக வேண்டும் என்றாள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை, பல்கலைக்கழகம் போக வேண்டும், அவ்வளவுதான். பெரிய சிஸ்டர், அதாவது எங்கள் அதிபர், "பௌதிகத்துக்குப் பதிலாக மனையியல் எடுங்களேன்" என்றார். இரண்டு பேரும் ஒரே குரலில் மாட்டோம் என்றோம். கடைசியில் சிஸ்டரே பக்கத்து ஆண்கள் பள்ளிக்கூடத்தோடு கதைத்து ஒரு வழி செய்தார். சனிக்கிழமை காலையில் அங்கே போய்ப் பௌதிகமும் செய்முறையும் படிக்கலாம். ஆனால் பெடியங்களோடு ஒரே மேசையில் நிற்கக் கூடாது. யன்னலோரத்தில் தனி வாங்குப் பலகையில் இருக்க வேண்டும்.

எங்களுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். அன்றைக்கே ஒரு பெரிய தாளை எடுத்து, இரண்டு வருடத்துக்கும் திட்டம் போட்டோம். எந்தத் தவணையில் எந்த அலகு, எந்தப் புத்தகம் யாரிடம் இரவல் வாங்குவது, தாவரவியலுக்கு எந்தப் பூ எந்த மாதம் பூக்கும் என்பது வரைக்கும். செய்முறைகளுக்குத் தனிப் பட்டியல். பௌதிகத்தில் மட்டும் முப்பத்துநாலு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம் கீறி, மேலே ‘எழுதியாயிற்று’ என்று தலைப்புப் போட்டேன்.

‘செய்தாயிற்று’ என்று ஒரு கட்டம் போடவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அந்தத் தாளை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

யன்னலோர வாங்கு

கனகசபை மாஸ்ரர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நன்றாகப் படிப்பிப்பார். எங்களையும் கேள்வி கேட்பார், விடை சொன்னால் "வெரி குட் பிள்ளை" என்பார். ஆனால் செய்முறை தொடங்கியதும் அலுமாரியைத் திறந்து சாமான்களைப் பெடியங்களின் மேசைகளில் வைப்பார். இருந்தது இரண்டு பாலம், நல்ல கல்வனோமானி ஒன்று. உடைந்தால் கொழும்பிலிருந்து வர ஒரு வருடம் போகும் என்பது அவருடைய ஓயாத கவலை.

பெடியங்கள் செய்வார்கள். யோகன் என்று ஒருவன், குரல் எடுப்பானவன். அவன் வாசிப்பைக் கூவுவான்: "மூண்டு தசம் நாலு ரெண்டு!" யன்னலோரத்தில் நாங்கள் இரண்டு பேரும் எழுதுவோம். "மூண்டு தசம் நாலு ஐஞ்சு!" எழுதுவோம். வீட்டுக்கு வந்து நல்ல கொப்பியில், கறுப்பு மையில் படம், நீல மையில் எழுத்து, சிவப்பில் அடிக்கோடு. திங்கட்கிழமை யோகனும் கூட்டாளிகளும் ஆள் அனுப்பி எங்கள் கொப்பிகளை வாங்கிப் பார்த்து எழுதுவார்கள். படம் கீறித் தரச் சொன்னால் அதையும் கீறிக் கொடுத்தோம். என்ன கூத்து பாருங்கள்! செய்தவனுக்குச் செய்தது எங்கள் கொப்பியில் கிடைத்தது. எங்களுக்கு என்ன கிடைத்தது?

பரீதாவுக்கு முதல் தவணையிலேயே இது பிடிக்கவில்லை. ஒருநாள் பெடியங்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் எழும்பி மேசைப்பக்கம் போனாள்.

"செலின், நான் ஒருக்காத் தொட்டுப் பாக்கப் போறன்."

நான் அவள் தாவணி முனையைப் பிடித்து இழுத்தேன். "இரடி! மாஸ்ரர் கண்டா இனி வரவேண்டாமெண்டு சொல்லிப்போடுவார். பௌதிகம் போனால் நாலும் போச்சு."

"அப்ப சோதினையில என்ன செய்ற?"

"சோதினையில பாப்பம். நீ இப்ப இரு."

இருந்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரும் வழியில் மறுபடி தொடங்கினாள். "நாம ரெண்டு பேரும் சிஸ்டர்ட்டப் போய்க் கேப்பம்டி. ஒரு மேசைய நமக்கெண்டு தரச் சொல்லி. கேட்டா என்ன, தலையா போயிரும்?"

"உனக்கு விசரே? சும்மா கிடைச்சதைக் கெடுக்காத."

இந்தச் சொற்கள் என் வாயிலிருந்து வந்தவை. கனகசபை மாஸ்ரர் சொல்லவில்லை, பெரிய சிஸ்டர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால் பயம் என்று பூசி மெழுகலாம். பயம் பாதிதான். மற்றப் பாதி என் கொப்பி. ஒரு தரம் கல்வித் திணைக்களத்திலிருந்து பரிசோதகர் ஒருவர் வந்தபோது, மாஸ்ரர் பெடியங்களின் கொப்பியைக் காட்டவில்லை. என் கொப்பியைத்தான் எடுத்துக் கொடுத்தார். அவர் தாள் தாளாகப் புரட்டிவிட்டு, "இவ்வளவு துப்புரவான செய்முறைக் கொப்பியை நான் இந்தப் பகுதியில காணேல்லை. ஆர் செய்தது?" என்று கேட்டார். "நான் சேர்" என்று எழும்பி நின்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். சீ!

பிற்றரின் மகள்

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்பா கடற்படைத் தளத்தில் பிற்றராக, அதாவது இயந்திரம் பூட்டித் திருத்துபவராக இருந்தவர். வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது ஒரே நாளில் ஊரில் பாதிப் பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்பாவும் சில மாதம் வீட்டில் நின்றார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் கழன்ற கதவும் இல்லை, ஒழுகிய குழாயும் இல்லை, எல்லாவற்றையும் திருத்தி முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்த் திருத்தினார். பிறகு சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் பக்கம் வேலை கிடைத்தது. காட்டுக்குள்ளே வரிசையாக நிற்கும் தாங்கிகள். வாசலில் காவல், அனுமதி அட்டை இல்லாமல் உள்ளே ஒரு குருவி போக ஏலாது. பம்பும் வால்வும் மோட்டரும் அவர் கையில். பின்னேரம் வந்தால் உடம்பெல்லாம் எண்ணெய் மணக்கும். அம்மா குசினிக்குள் விடமாட்டா, கிணற்றடியில் சவர்க்காரத்தோடு நிற்பா.

நான் மேசையில் கொப்பி எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் பின்னால் வந்து நின்று பார்ப்பார். திருகுக் கணிச்சியின் படம், வேணியரின் படம், பாலத்தின் படம். கணிச்சியும் வேணியரும் வயரும் நாள் முழுக்க அவர் கையில் புரளும் சாமான்கள். "வடிவாய்க் கீறுறாய் மேனை" என்பார். அதோடு சரி. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருடம் ஒரே வீட்டில், ஒரே விளக்கடியில், அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நிற்க, நான் பேனை பிடித்துக்கொண்டு இருக்க, இப்படியே போனது.

வாகை மரத்தடியில்

எங்கள் இரண்டு பேரையும் கொழும்புக்குக் கூட்டிப் போனவர் அப்பாதான். பரீதாவின் வாப்பா ஸ்ரேசன்வரை வந்து, "உங்கட பிள்ளையோட பிள்ளையாப் பாத்துக்கங்க" என்று ஒப்படைத்தார்.

சோதனை முடிந்து வெளியே வந்தால் வாகை மரத்தடியில் அப்பா நிற்கிறார். பரீதா எனக்கு முன்னமே வந்து, அடிவேரில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு வந்தது திருகுக் கணிச்சி. ஒரு கம்பியின் தடிப்பை அளக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்று தெரியாமல் கம்பி நசியும்வரை திருகியிருக்கிறாள். கருவி பூச்சியத்திலேயே காட்டும் பிழையைப் பூச்சிய வழு என்று நூறு தரம் எழுதியவள், அதை அந்தக் கருவியில் எந்த இடத்தில் பார்ப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

நான் அப்பாவிடம் என் கதையைச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் இணைத்தேன், ஊசி அசையவில்லை, சாமான் பழுது, முறைப்பாடு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று படபடத்தேன்.

அப்பா அமைதியாகக் கேட்டார். "வயர் நுனியைச் சுரண்டினியே?"

"என்னத்துக்கு?"

"நூல் உறை இருக்குமெல்லே. அதை உரிச்சு, நுனியைச் சுரண்டிப்போட்டுத்தானே பூட்ட வேணும். உறையோட பூட்டினால் கரண்ட் எப்பிடிப் போகும் மேனை?"

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரேயடியாக விளங்கியது. அடுத்த மேசைப் பெடியனின் சவர அலகு. படத்தில் கம்பி ஒரு கோடு. கோட்டுக்கு உறை கிடையாது. கோட்டை உரிக்கச் சொல்லி எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஏனென்றால் கம்பியைக் கையில் எடுத்த எவருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாளே தெரிந்துவிடும்.

கண்மண் தெரியாத கோபம் வந்தது. நடுத்தெருவில், அப்பா என்றும் பாராமல் கத்தினேன். "இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை? ரெண்டு வருசமாய்ப் பின்னால நிண்டு பாத்தனீங்கள்தானே?"

"நீ படிச்ச பிள்ளை. நான் ஏழாம் வகுப்பு. உனக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

அவர் முகம் போன போக்கைக் கண்டு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. இன்னும் நாலு வார்த்தை சொன்னேன். அவற்றை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

பெறுபேறு

தபாலில் வந்தது. இரசாயனம், தாவரவியல், விலங்கியல் மூன்றிலும் நல்ல சித்தி. பௌதிகத்தில் செய்முறை போனதால் பாடமே போயிற்று. பரீதாவுக்கும் அப்படியே. எழுத்துச் சோதனையில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி, அதை மாஸ்ரரே சொன்னார். யோகன் சித்தி. அவனுடைய கூட்டாளிகளும் சித்தி. யோகன் போன வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்கட கொப்பியாலதான் நான் பாஸ் பண்ணினனான்" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனான். மரியாதையான பெடியன். எனக்கு அவனைத் தும்புத்தடியால் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அம்மா இனிப் படிப்புப் போதும் என்றா. தையல் வகுப்பு, பிறகு பங்குச் சுவாமியாரிடம் சொல்லி நல்ல இடமாகப் பார்க்கலாம் என்றா. அப்பா ஒன்றுதான் சொன்னார்: "அவள் இன்னொருக்கா எடுக்கட்டும்." வாகை மரத்தடியில் நான் கத்தியதுதான் அவரை அப்படிச் சொல்ல வைத்தது என்று எனக்குத் தெரியும்.

பரீதாவின் வாப்பாவிடம் யாரும் கத்தவில்லை. இரண்டு வருடம் பாதையில் ஏற்றி இறக்கிய மனிதர், பிள்ளை அழுததைக் கண்டு, "போதும் மகள், இனி அழவேணாம்" என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். அன்பாகத்தான் கூட்டிப் போனார். மாமி வீட்டிலிருந்த அவளுடைய பெட்டியும் போயிற்று.

அலுமாரித் திறப்பு

அடுத்த திங்கட்கிழமை நான் ஆண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சனிக்கிழமை அல்ல, திங்கட்கிழமை, பட்டப்பகலில், பெடியங்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, விறாந்தையால் நடந்து போனேன். கனகசபை மாஸ்ரர் ஆய்வுகூடத்தில் இருந்தார். என் செய்முறைக் கொப்பியை அவர் முன்னால் போட்டேன்.

"மாஸ்ரர், இதில முப்பத்துநாலு செய்முறை இருக்கு. நான் எத்தனை செய்தனான்?"

அவர் கொப்பியைத் தொடவில்லை. "பிள்ளை, இது சிஸ்டர் போட்ட நிபந்தனை. நான் என்ன செய்ய?"

"சிஸ்டர் ஒரே மேசையில நிக்கக் கூடாதெண்டுதான் சொன்னவ. தொடக் கூடாதெண்டு ஆர் சொன்னது?"

"இருக்கிற சாமான் கொஞ்சம். உடைஞ்சால் ஆர் பொறுப்பு?"

"பெடியங்கள் உடைச்சால் ஆர் பொறுப்பு? போன வருசம் தெர்மோமீற்றர் ரெண்டு உடைச்சவங்கள். அதையும் நான்தான் கொப்பியில எழுதினனான், வழுவெண்டு!"

மாஸ்ரர் எழும்பினார், மறுபடி கதிரையில் இருந்தார். "நீர் சிஸ்டரோட வந்து கதையும்" என்றார். சிஸ்டரிடம் ஏற்கெனவே போய்விட்டுத்தான் வந்திருந்தேன். அவர் "அது மாஸ்ரருடைய ஆய்வுகூடம், அவரைக் கேளும்" என்று கையைக் கழுவிவிட்டார். இவர் சிஸ்டரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, நடுவில் இரண்டு பெண்களின் இரண்டு வருடம் போயிருக்கிறது. அதைச் சொன்னேன். இதே சொற்களில் சொன்னேன். அதற்கு மேலும் சொன்னேன்.

"மாஸ்ரர், எனக்கு வெரி குட் எண்டு சொன்னனீங்கள். பரிசோதகருக்கு என்ர கொப்பியைக் காட்டிப் பேர் வாங்கினனீங்கள். ஒரு நாள், ஒரேயொரு நாள், பிள்ளை வந்து இந்த வயரைப் பிடிச்சுப் பாரெண்டு சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லை. அலுமாரியைத் திறவுங்கோ. திறக்குமட்டும் நான் இந்தக் கதிரையால எழும்பமாட்டன்."

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தும்விட்டேன். யன்னலோரத்தில் அல்ல, நடு மேசையில். அவர் என்னைப் பிடித்து வெளியே தள்ளுவார், ஊர் சிரிக்கும், அம்மா தலையில் அடித்துக்கொள்ளுவா, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் காற்சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்தார். அலுமாரியைத் திறந்தார். "எதிலயிருந்து தொடங்கப் போறீர்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான்! நான் இன்னும் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை. தலை குனிந்தபடி, "எனக்கு யோசினை வரேல்லை பிள்ளை. உண்மையா வரேல்லை" என்றார். நான் நம்புகிறேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். பகை இல்லை, வஞ்சகம் இல்லை, எங்களைப் பற்றி ஒரு யோசனைகூட இல்லை.

அந்த வருடம் முப்பத்துநாலையும் என் கையால் செய்தேன். முதல் கிழமையே ஒரு கலோரிமானியின் கண்ணாடிக் கோலை உடைத்தேன். வானம் இடிந்து விழவில்லை. எனக்குப் பின்னால் வந்த மூன்று பிள்ளைகளுக்கு யன்னலோர வாங்கை எடுத்துவிட்டு ஒரு தனி மேசை போட்டார்கள். இரண்டாம் முறை கொழும்பில் எனக்கு வந்தது குவிவில்லை, அந்தக் கண்ணாடி வில்லையின் குவியத் தூரத்தைக் காண வேண்டும். நேரம் முடிய முன்னமே செய்து முடித்துவிட்டு, பரீட்சகரை நானே கூப்பிட்டுக் காட்டினேன்.

குறிஞ்சாக்கேணியில்

அனுமதிக் கடிதம் வந்த கிழமையே அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பாதை ஏறினேன். பரீதாவிடம்தான் முதலில் காட்ட வேண்டும் என்று இருந்தது. ஏன் அப்படி ஓர் எண்ணம் என்று அப்போது நான் என்னைக் கேட்கவில்லை.

அவளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. வீட்டில் பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிமை வரைக்கும் வெள்ளை. என்னைக் கண்டதும் அரிதட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கையைக் கழுவித் துடைத்து, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். தேத்தண்ணி வந்தது, பிறகு என்னை உள்ளே இழுத்துப்போய் இருத்தினாள்.

"எல்லாத்தையும் சொல்லு. ஒண்டும் விடப்படாது."

சொன்னேன். எனக்குச் சொல்ல வருமல்லவா, நடித்தே காட்டினேன். விறாந்தையில் பெடியங்கள் முழித்த முழி, மாஸ்ரர் எழும்பி இருந்தது, சிஸ்டர் கையைக் கழுவியது, நான் கதிரையை இழுத்துப் போட்டது. பரீதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அல்லாவே, நீயாடி? நீயா இப்பிடிப் பேசின?" என்று என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்குப் பெருமை ஏறியது. பரிசோதகருக்கு முன்னால் எழும்பி நின்ற அதே பெருமை.

பிறகு கேட்டாள்: "எவ்வளவு நேரம் சண்ட பிடிச்ச?"

"சண்டையோ? அரை மணித்தியாலமும் இல்லை! திறப்பு அவற்ற பையிக்குள்ளதான் இருந்தது" என்றேன். பெரிய வீரம்போலச் சொன்னேன்.

பரீதாவின் சிரிப்பு நின்றது. கடிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து, உறையில் போட்டு, என் கையில் தந்தாள்.

"அர மணித்தியாலம்" என்றாள். "நமக்கு ரெண்டு வருஷம் இரிந்திச்சேடி, செலின்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.